கல்பனா சாவ்லா: 18 தடவை பிற்போடப்பட்ட பயணம்

2003ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி சனிக்கிழமை காலை, தரையிறங்குவதற்கு ஏறத்தாழ 16 நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து வானில் கொலம்பியா விண்ணோடம் சிதறிப்போயிற்று. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கல்பனா சாவ்லா. அன்று தொட்டு இன்றுவரை அவரைப்பற்றி எழுதப்பட்டவை அநேகம். வட இந்தியச் சிறுநகரம் ஒன்றில் பிறந்த பெண் விண்ணைத் தொட்ட கதையாகவே அவர் வாழ்வு பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. அது பொய்யன்று. ஆயினும் அவர் ஏறிச்சென்ற ஓடம் எத்தகையது, அது எதற்காகப் பலமுறை நிறுத்தி வைக்கப்பட்டது, எதற்காக நிறுத்தப்படவில்லை என்பவற்றை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதையே ஆகும்.

கல்பனாவின் தந்தையார் ஓர் அகதி. இன்று பாக்கிஸ்தானில் உள்ள மேற்குப் பஞ்சாப்பிலிருந்து, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது யாவற்றையும் இழந்து எல்லை கடந்தவர். சிறு சிறு வியாபாரங்கள் செய்து தலைநிமிர்ந்து, பின்னர் வாகன டயர் தயாரிக்கும் தொழிலில் நிலைபெற்றார். குடும்பம் குடியேறிய ஊர் கர்னால். இன்றைய அரியானா மாநிலத்தில் உள்ளது. நான்கு பிள்ளைகளில் இளையவராக 1962ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி கல்பனா பிறந்தார். பரீட்சைக்குத் தோற்றும் வயது வரவேண்டும் என்பதற்காகப் பாடசாலைப் பதிவில் அவரது பிறந்த திகதி 1961 ஜூலை 1 என எழுதப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் குறிப்புகளிலும் நெடுங்காலம் அத்திகதியே இருந்தது. தாளில் ஒரு வயதும் மெய்யில் ஒரு வயதுமாக வாழ்பவர்கள் நம்மிடையேயும் இருப்பதால், வாசகருக்கு இது வியப்பளியாது. வீட்டில் அவரை மோன்ட்டோ என்றே அழைத்தனர். பாடசாலையில் சேர்த்தபோதுதான் கல்பனா என்ற பெயரைத் தாமே தெரிந்தெடுத்தார். கற்பனை என்பதே அதன் பொருள்.

கர்னாலில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. அதன் சிறு விமானங்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேலாகப் பறப்பதைக் கண்டு வளர்ந்த சிறுமி, சண்டிகாரில் உள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் விமானப் பொறியியலையே படிப்பேன் என்று நின்றார். பெண்ணுக்கு ஏற்ற துறையன்று என ஆசிரியர்களும் எடுத்துச் சொல்லிப் பார்த்தனர். அவர் இணங்கவில்லை. 1982இல் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்றார். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் 1984இல் முதுமாணிப் பட்டமும், கொலறாடோ பல்கலைக்கழகத்தில் 1988இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். விமானம் ஓட்டப் பயிற்றுவிப்பவரான ஜான் பியர் ஹாரிசனை இதற்கிடையில் மணந்துகொண்டார். தாமும் பறக்கப் பழகி, பிறருக்குப் பயிற்றுவிக்கும் உரிமமும் பெற்றார்.

1988 முதல் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் அவர் செய்த பணி, பறக்கும் பொருளைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாய்கின்றது என்பதைக் கணினியில் கணித்தறிவது. இவ்விவரம் பின்னால் வருவதற்கு முக்கியமானது. ஓடம் ஒன்றைத் தாக்கும் காற்றையும் வெப்பத்தையும் ஏனையோரைவிட நன்கு விளங்கிக்கொள்ளக்கூடியவர் அவர். 1991இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1994ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர் பயிற்சிக்குத் தெரிவானார்.

முதற் பயணம் 1997 நவம்பர் 19இல் தொடங்கியது. ஓடம் அதே கொலம்பியா. அப்பயணத்தில் சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்னும் சிறு செய்மதியை இயந்திரக் கையினால் வெளியே விடும் பொறுப்பு கல்பனாவினுடையது. விடப்பட்ட செய்மதி இயங்கவில்லை. அதை மீளப் பற்ற முயன்றபோது அது சுழலத் தொடங்கிற்று. சில நாட்களின் பின் வின்ஸ்டன் ஸ்கொட், தக்காவோ டோய் ஆகிய இருவரும் வெளியே சென்று கைகளாலேயே அதைப் பிடிக்க நேர்ந்தது. பழி முதலிற் கல்பனாமீதே விழுந்தது. நாசா நடத்திய விசாரணையோ, மென்பொருளின் அமைப்பிலும், ஓடத்தில் இருந்தோருக்கும் தரையில் இருந்தோருக்கும் வகுக்கப்பட்ட நடைமுறைகளிலும் இருந்த குறைகளே காரணம் எனக் கண்டு அவரை விடுவித்தது. ஒருவர் கைப்பட நிகழும் பிழையின் வேர் பலவேளைகளில் வேறிடத்தில் இருக்கும் என்பதை அந்த நிறுவனம் அன்று அறிந்திருந்தது.

அப்பயணத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. அதைப் பத்திரிகைகள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. டிசம்பர் 5இல் கொலம்பியா தரையிறங்கியதும் அதன் அடிப்பாகத்தைப் பரிசோதித்தவர்கள், வெப்பக் காப்பு ஓடுகளில் 300க்கும் மேற்பட்ட அடி வடுக்களை எண்ணினர். அவற்றுள் 100க்கு மேற்பட்டவை ஓர் அங்குலத்தினும் பெரியவை. வழமையைவிட இது மிக அதிகம்.

இதை விளக்கவேண்டும். விண்ணோடம் புறப்படும்போது அதன் வயிற்றோடு பிணைக்கப்பட்டிருக்கும் செம்மஞ்சள் நிறப் பெருந்தாங்கியில், கடுங்குளிரில் உள்ள திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனுமாக ஏறத்தாழ 20 இலட்சம் லீற்றர் எரிபொருள் இருக்கும். அக்குளிரைக் காக்கவும், வெளியே பனிக்கட்டி படியாதிருக்கவும் தாங்கியின்மேல் நுரைப்பஞ்சு பூசப்பட்டிருக்கும். கையில் எடுத்தால் பாரமே தெரியாத பொருள். மேலெழும் வேகத்தில் அதன் துண்டுகள் கழன்று ஓடத்தில் அடித்தன. எந்தப் பொருளும் கழன்று ஓடத்தில் படலாகாது என்பதே ஆதியில் வகுக்கப்பட்ட விதி. ஆனால் 1981இல் ஜான் யங், ரொபேட் கிரிப்பன் ஆகியோருடன் கொலம்பியா முதன்முதல் எழுந்த நாளிலிருந்தே அவ்விதி மீறப்பட்டு வந்தது. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியது, ஓடுகள் மாற்றப்பட்டன, அடுத்த பயணம் புறப்பட்டது. ஆபத்து என எண்ணப்பட்டது காலப்போக்கிற் பராமரிப்புச் செலவாகிவிட்டது.

கல்பனாவின் இரண்டாவது பயணத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டளவில் அவர் அதற்குத் தெரிவானார். கொலம்பியா நாசாவின் ஓடங்களுள் மூத்தது. ஏனையவற்றைவிடச் சில தொன் பாரம் கூடியது. ஆதலால் விண்வெளி நிலையத்துக்குப் பொருள் ஏற்றிச் செல்ல உகந்ததன்று. 1999 ஜூலையில் அது புறப்பட்ட சில வினாடிகளிலேயே மின்கம்பி ஒன்றில் கசிவு ஏற்பட, ஓடங்கள் யாவற்றினதும் மின்கம்பிகளைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. பின்னர் கொலம்பியா கலிபோர்னியாவில் உள்ள பாம்டேல் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டு, 2001 வரை அங்கே பழுது பார்க்கப்பட்டது. அதன்பின் ஹபிள் தொலைநோக்கியைத் திருத்தும் பயணத்துக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. அது 2002 மார்ச்சில் நிறைவேறியது. 2001 ஜனவரி 11இல் புறப்படும் எனக் குறிக்கப்பட்டிருந்த கல்பனாவின் பயணம் பின்சென்றுகொண்டே இருந்தது. மொத்தம் 18 தடவை.

முடிவு தெரியாத் திகதிகளுக்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. அந்த எழுவரும் அதே பயிற்சிகளை மீண்டும் மீண்டும் செய்தனர். தளபதி றிக் ஹஸ்பன்ட், விமானி வில்லியம் மக்கூல், மைக்கல் அன்டர்சன், டேவிட் பிரவுண், லோறல் கிளார்க், இஸ்ரேலியரான இலான் றமோன் ஆகியோரே ஏனைய அறுவர்.

2002 ஜூலையில் புறப்படுவது உறுதி என்றிருந்த வேளையில், ஜூன் மாதம் அட்லாண்டிஸ் ஓடத்தைப் பரிசோதித்த ஒருவர், இயந்திரங்களுக்குத் திரவ ஐதரசனைக் கொண்டுசெல்லும் குழாயின் உட்புற உலோக உறையில் நுண்ணிய வெடிப்புகளைக் கண்டார். சில மில்லிமீற்றர் நீளமே. ஆயினும் அவ்வுறையின் துணுக்கொன்று கழன்று, முழு வேகத்திற் சுழலும் இயந்திரத்துள் புகுந்தால் ஓடம் வெடிக்கக்கூடும். ஏனைய ஓடங்களிலும் வெடிப்புகள் இருந்தன. முழுத் தொகுதியும் தரையில் நிறுத்தப்பட்டது. வெடிப்புகள் பற்றவைத்து மெருகிடப்பட்டன. இது செய்யவேண்டியதைச் செய்த தாமதம், குறை கூறுவதற்கில்லை. கல்பனா குழுவினர் இன்னும் ஆறு மாதம் காத்திருந்தனர்.

என் மனத்தை உறுத்துவது அதன்பின் நிகழ்ந்ததே. வெடிப்புகள் திருத்தப்பட்டதும் முதலில் எழுந்த ஓடம் அட்லாண்டிஸ். 2002 அக்டோபர் 7இல். அன்று பெருந்தாங்கியின் முற்பகுதியில், ஓடத்தைத் தாங்கும் இருகால் அமைப்பின் இடப்புறச் சரிவிலிருந்து பெரிய நுரைத்துண்டொன்று கழன்று, பக்கத்து றொக்கற்றின் வளையம் ஒன்றில் மோதியது. அதே இடத்திலிருந்து துண்டு கழல்வது 1983 முதல் அறியப்பட்ட விடயம். மோதியது சற்று விலகி ஓடத்தின் இறக்கையில் பட்டிருந்தால்? அக்கேள்வி கேட்கப்படவேண்டிய கூட்டத்தில், அடுத்த பயணத்துக்குத் தடையில்லை என முடிவாயிற்று. காரணத்தைக் கண்டறியும் பணிக்கான தவணை, கொலம்பியா ஏவப்படும் நாளுக்கும் அப்பால் தள்ளி வைக்கப்பட்டது. கண்ணுக்கு அரிதாகத் தென்பட்ட வெடிப்புக்காக ஓடங்கள் யாவும் நின்றன. யாவரும் படத்திற் பார்த்த நுரைத்துண்டுக்காக ஒன்றும் நிற்கவில்லை. வெடிப்பு புதியது, நுரை பழகிப்போனது. வேறு வேறுபாட்டை நான் காணவில்லை.

அவசரமும் இருந்தது. விண்வெளி நிலையத்தின் ஒரு முக்கிய பாகத்தை 2004 பெப்ரவரி 19இல் அனுப்பியே தீரவேண்டும் என மேலிடம் குறித்திருந்தது. அந்நாளுக்கு இன்னும் எத்தனை நேரம் எனக் காட்டும் படம் நாசா நிர்வாகிகளின் கணினித் திரைகளுக்கு அனுப்பப்பட்டது. தாமதம் கூடக்கூட, எஞ்சிய பயணங்கள் யாவும் நெருக்கப்பட்டன. இவ்வாறு, பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட தாமதமே அடுத்த கேள்விகளைக் கேட்பதற்கான நேரத்தைத் தின்றது.

2003 ஜனவரி 16இல் கொலம்பியா தன் 28ஆவது பயணத்தைத் தொடங்கியது. தளபதிக்கும் விமானிக்கும் பின்னால், பயணப் பொறியியலாளராகக் கல்பனா அமர்ந்திருந்தார். ஏறத்தாழ 82ஆவது வினாடியில், அதே இடப்புறச் சரிவிலிருந்து முக்கால் கிலோ அளவிலான நுரைத்துண்டு கழன்று, மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வேகத்தில் இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. ஓடத்தில் இருந்தோர் அதை உணரவில்லை. இரு குழுக்களாகப் பிரிந்து, இரவுபகலாக 80 அளவிலான ஆய்வுகளை அவர்கள் செய்துவந்தனர்.

தரையிலோ மறுநாளே படத்தைப் பார்த்த பொறியியலாளர் சிலர் கலங்கினர். இராணுவத்தின் கருவிகளால் ஓடத்தைப் படம் பிடித்துத் தருமாறு மூன்று தடவை முயற்சி எடுக்கப்பட்டது; ஒன்றும் நிறைவேறவில்லை. ஆபத்து உண்டு என நிறுவும் பாரம் பொறியியலாளர்மீதே சுமத்தப்பட்டது. ஜனவரி 23இல் தளபதிக்கும் விமானிக்கும் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நுரை மோதியதைக் குறிப்பிட்டு, கவலைக்கு இடமில்லை என அறிவித்தது. ஒன்பது நாட்களின் பின், திரும்பும் வழியில், உடைந்த விளிம்பினூடாக நுழைந்த வெப்பக்காற்று இறக்கையை உள்ளிருந்து உருக்கியது. கல்பனாவுக்கு அப்போது 40 வயது. இரு பயணங்களிலுமாக 30 நாட்களுக்கு மேல் விண்ணில் வாழ்ந்தவர். அவரது அஸ்தி யூட்டா மாநிலத்தின் ஸயன் தேசியப் பூங்காவிலே தூவப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2002இல் ஏவப்பட்ட இந்திய வானிலைச் செய்மதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கர்னாலில் அவர் பயின்ற பாடசாலையிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் இருவரை நாசாவைக் காண வரவழைக்கும் ஏற்பாட்டை அவர் முன்னரே செய்திருந்தார்.

கடற்படைத் தளபதி ஹரோல்ட் கேமன் தலைமையிலான விசாரணைக் குழு 2003 ஆகஸ்ட் 26இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன், ஜூலையில், சான் அன்ரோனியோ நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. அதே அளவிலான நுரைத்துண்டை அதே வேகத்தில், இறக்கையின் முன்விளிம்புத் தகடொன்றின்மீது எய்தனர். பாரமே தெரியாத அந்நுரை, தகட்டில் 40 சென்றிமீற்றர் அளவிலான ஓட்டையைப் போட்டது. அதுவரை நம்ப மறுத்தவர்களும் அன்று வாயடைத்துப்போயினர். ஓடத்தின் நுரைச் சேதத்தை மட்டுமன்றி, நாசாவின் அலுவலகப் பழக்கங்களையும் அக்குழு காரணமாகக் குறித்தது. 1986இல் சலஞ்சர் ஓடம் அழிந்தபின் வந்த அறிக்கையைப் படித்தவர்களுக்கு அதிற் பல பக்கங்கள் முன்பே படித்தவை போலத் தோன்றும்.

இருகாற் சரிவின் நுரை முற்றாக அகற்றப்பட்டு, அவ்விடத்தில் சூடாக்கிகள் பொருத்தப்பட்டன. இரண்டரை ஆண்டுகளின் பின், 2005 ஜூலை 26இல் டிஸ்கவரி ஓடம் எழுந்தது. தாங்கியின் வேறோர் இடத்திலிருந்து பெரிய நுரைத்துண்டொன்று மீண்டும் கழன்றது. அது ஓடத்திற் படவில்லை. எனினும் இம்முறை ஓடங்கள் நிறுத்தப்பட்டன; அடுத்த பயணம் 2006 ஜூலை 4வரை புறப்படவில்லை.