நைட்டிங்கேல் அம்மையார்

கைவிளக்கேந்திய காரிகையைப் பற்றிக் கேள்வியுறாதார் நம் காலனியில் இலர். அவர் பிறந்த மே 12ஆம் நாளே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. மைசூர் மருத்துவமனைகளில் இரவுப் பணி புரியும் பெண்மக்கள் நம் வீடுகளிலும் இருத்தலின், அவ்வம்மையாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம். விளக்கைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் எழுதப் புகுவது மாடிப்படியைப் பற்றி.

1820இல் இத்தாலியின் பிளாரென்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தவர் நைட்டிங்கேல். நோயாளர் பணியை இழிதொழிலாக எண்ணிய காலம் அது. இலண்டன் மருத்துவமனைகளில் தாதியர் பலர், மாடிப்படியோரத்தில் மரக்கூண்டு போன்ற அறைகளில் உறங்கினர். அவர்கள் குடிக்கிறார்கள், அசட்டையாயிருக்கிறார்கள் என்று ஏசினார் பலர். அக்கூண்டுகளை எண்ணிப் பார்த்தார் சிலரே.

பெற்றோரின் தடையைப் பல்லாண்டு பொறுத்து, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்ற அம்மையார், 1853இல் இலண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கு அவர் முதலில் கேட்டவை மூன்று: ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர், உணவை மேலேற்ற ஓர் ஏற்றப்பொறி, எந்த நோயாளி மணியடித்தார் என்பதைக் காட்டிநிற்கும் அடையாளம். இவை இல்லாவிடில் தாதி படியேறி இறங்கும் இரு கால்களாகவே முடிந்துபோவாள் என்பது அவர் கருத்து. நோயாளியின் முகம் பார்க்க அவளுக்கு நேரம் ஏது?

1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி படைமருத்துவமனையை அடைந்தார். ஆங்கே அவர்கள் அல்லும் பகலும் உழைத்தும் அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்து, காற்றோட்டத்துக்கு வழி வகுத்த பின்னரே குறைந்தது. அன்பு மட்டும் போதாது என்பதை அம்மையார் தாமே கணக்கிட்டு அறிந்தார்.

1860இல் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் நிறுவிய பள்ளியில் முதலில் சேர்ந்தோர் 15 பெண்கள். ஒவ்வொருவருக்கும் தனியறை, உணவு, உடை, ஆண்டுக்குப் பத்துப் பவுன் உதவித்தொகை. மருத்துவமனைக் கட்டடத்தையும் அவர் விட்டாரில்லை. பல சிறு அறைகள் செவிலியின் நடையை வீணாக்கும். தலைமைச் செவிலியின் அறையிலிருந்து சாளரம் வழியே முழுக்கூடமும் தெரிய வேண்டும் என்றார்.

1865இல் லிவர்ப்பூல் ஏழையர் விடுதி மருத்துவமனைக்கு, அப்பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் என்பார் 12 செவிலியருடன் சென்றார். நோயாளரோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஓயாத உழைப்பினிடையே டைபஸ் காய்ச்சல் கண்டு, 1868 பிப்ரவரியில், 35ஆம் வயதில் மறைந்தார். அம்மையாரை அது பெரிதும் வருத்தியது. பாராட்டுரைகளில் இப்பெயர் அரிதாகவே வருகின்றது. இரவில் ஒரே செவிலி பல படுக்கைகளைப் பார்க்கும் வார்டில் நம் உறவினருக்குத் துணையிருந்து, மணியடித்தும் வரவில்லையே என்று சினந்தவர் நம்முள்ளும் உண்டு. நமக்கு அந்த ஆக்னஸை நினைக்கத் தோன்றியதில்லை.

இந்தியாவுக்கு அம்மையார் வந்ததே இல்லை. ஆயினும் இங்குள்ள ஆங்கிலப் படைவீரருள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததை 1863இல் வெளியான அரசுக்குழு அறிக்கை வெளிப்படுத்தியதில் அவர் பங்கு பெரிது. 1865இல் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் அமைப்பையும் எழுதியனுப்பினார். நோயுற்ற நிலையில் படுக்கையிலிருந்தே பெரும்பாலும் இவற்றைச் செய்தார்.

1910 ஆகஸ்டு 13இல், 90ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்ய அளிக்கப்பட்ட பெருமையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரிலுள்ள குடும்பக் கல்லறையில், எஃப். என். என்ற இரண்டெழுத்தோடு பிறப்பு இறப்பு நாள்களே அவருக்குப் பொறிக்கப்பட்டுள்ளன.