மழைக் கணக்கு பார்த்த கில்பர்ட் வாக்கர்

பெர்மாஸ் ஜெயாவை அடுத்துள்ள மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் 2015 ஆகஸ்ட்டில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. லாயாங் அணையின் நீர்மட்டம் அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. வாளி வாளியாகப் பிடித்து வைத்த குடும்பங்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். அது எல் நினோ ஆண்டு. எல் நினோவோடு சேர்ந்தே நடக்கும் காற்றழுத்த ஆட்டத்தைக் கண்டறிந்தவர் சர் கில்பர்ட் வாக்கர்.

1868-ல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் பிறந்த வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். பூமராங் எறிவதில் அவருக்குத் தீராத ஆசை. வானிலை படித்தவரே அல்ல. ஆனாலும் 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது.

பொறுப்பு சாதாரணமானதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய தோட்டத் தமிழர்களில் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களும் உண்டு. 1899-ல் நல்ல மழை வரும் என்று துறை கணித்தது, வந்தது வறட்சி.

வானத்தைப் பார்த்துப் பயனில்லை, பதிவேடுகளைப் பார்ப்போம் என்பதே வாக்கரின் வழி. உலகெங்கும் இருந்து மழை, வெப்பம், காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். கணினி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் பல ஆண்டுகள் கையாலேயே கணக்கிட்டனர். அவர்கள் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது வருத்தமே.

இதற்கிடையில், 1913-ல் சென்னை வந்த வாக்கரிடம் துறைமுக அலுவலக எழுத்தர் ஒருவரின் கணித ஏடுகள் காட்டப்பட்டன. அவருக்கு ஆய்வு உதவித்தொகை தரும்படி வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அந்த எழுத்தர்தான் ராமானுஜன்.

ஆய்வின் பலன் 1920களில் தெரிந்தது. ஹொனலுலு, சாமோவா, தென் அமெரிக்கா பக்கம் அழுத்தம் ஏறினால், இந்தியா, டார்வின், மொரீஷியஸ் பக்கம் இறங்குகிறது. தராசுத் தட்டுகளைப் போல இரண்டும் மாறி மாறி ஆடுகின்றன. இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். நம் பக்கத்துத் தட்டில் அழுத்தம் கூடும்போது இங்கே மழை குறையும்.

ஆனால் அவர் தேடிப்போன பருவமழைக் கணிப்பு கைகூடவில்லை. 1924-ல் ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். புல்லாங்குழல் அமைப்பையும் ஆராய்ந்தார். 1958-ல் காலமானபோது அவருடைய உழைப்பு பலன் தராமல் போனதாகவே துறையினர் சிலர் எண்ணினர்.

1969-ல் பியர்க்னஸ் என்ற அறிஞர், பசிபிக் கடல் சூடாவதையும் வாக்கரின் தராசையும் இணைத்துக் காட்டினார். அங்கு வீசும் காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே வைத்தார். டார்வினிலும் தஹித்தியிலும் பதிவாகும் காற்றழுத்தத்தை வானிலைத் துறையினர் இன்றும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.