செலெனியங் கண்ட பெர்ஸீலியஸ்

நம் கல்லூரி இரசாயன ஆய்வுக்கூடத்தின் சுவரில் மூலகங்களின் அட்டவணை ஒன்று தொங்குகின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எனக்கு அக்கூடத்துள் அலுவல் ஒன்றுமில்லை; எனினும், நூல் நிலையத்திற்குச் செல்லும்போது சாளரத்தினூடே அதனைப் பன்முறை கண்டிருக்கின்றேன். ஒவ்வொரு மூலகத்திற்கும் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ அதிற் குறியாக இடப்பட்டிருக்கும். எழுத்து என்றாலே மனஞ் சென்று பற்றும் பழக்கமுடைய எம்போன்றார்க்கு, அக்குறிகளை வகுத்தவர் யாவர் என்றறிய ஆவல் எழுமன்றோ? விஞ்ஞான வகுப்பு நண்பர் ஒருவரை வினவினேன். ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸீலியஸ் என்னும் பெரியார் 1813-ஆம் ஆண்டில் அம்முறையை வகுத்தனர் என்றும், அவ்வட்டவணையின் 34-ஆம் கட்டத்திலுள்ள செலெனியத்தைக் கண்டவரும் அவரே என்றும் விடை கிடைத்தது. அவர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, குறிகளின் கதையினும் செலெனியத்தின் கதையே என் உள்ளத்தை மிகவும் பற்றிக்கொண்டது. அது ஒரு பிழையிற் பிறந்த கதையாதலின்.

யோன்ஸ் யாக்கோப் பெர்ஸீலியஸ் 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி ஸ்வீடனில் வேவர்சுண்டா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் லின்ஷோப்பிங் நகரத்துப் பள்ளியாசிரியர். குழந்தைக்கு நான்கு வயது ஆகும்போது அவர் காசநோயால் இறந்துபட்டார். அன்னையார் ஏக்மார்க் என்னும் திருச்சபைப் போதகரை மறுமணஞ் செய்துகொண்டனர். அப்போதகர் மாற்றாந் தந்தையாயினும் பிள்ளையை அன்போடு பேணியவர். ஆனால் அன்னையாரும் சில ஆண்டுகளில் மறைய, சிறுவர் தாய்மாமன் வீட்டில் ஒதுக்கிடம் பெற்று வளர்ந்தார். பிறர் மனையில் வளரும் பிள்ளையின் நிலை எத்தேசத்தும் ஒருதன்மையதே. அதனை விரித்தல் வேண்டா. லின்ஷோப்பிங் பள்ளியில் ஓதுங்கால், பாடத்தினும் பறவைகளையும் பூச்சிகளையும் தேடித் திரிதலிலே அவர் மனம் மிகுதியும் சென்றது. பள்ளியை விட்டு நீங்கியபோது அவருக்கு அளிக்கப்பெற்ற சான்றிதழ், இயற்கையறிவு உடையராயினும் வருங்காலத்தைப் பற்றி உறுதி கூறுதற்கில்லை என்னும் கருத்துடையதாயிருந்தது. அத்தகைய சான்றிதழ் பெற்ற நண்பர் நம்முள்ளும் இருத்தல் கூடும். அவர்கள் இதனை நினைவில் வைப்பாராக.

1796-இல் உப்ஸாலா சர்வகலாசாலையை அடைந்து வைத்திய நூல் பயிலத் தொடங்கினார். அங்கே இரசாயன ஆசிரியராயிருந்தவர் அஃப்ஸீலியஸ். மாணவர் விரும்பியபோதெல்லாம் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடும் வழக்கம் அந்நாளில் இல்லை. பெர்ஸீலியஸ் காவலாளனைத் தம் வயமாக்கிக்கொண்டு, பின்வாயில் வழியே புகுந்து தாமே சோதனைகள் செய்து வந்தார். ஒருநாள் ஆசிரியர் கண்டுகொண்டார். கண்டும் வெகுளாது, இனி முன்வாயில் வழியே வருக எனப் பணித்தார் என்பர். அவ்வாசிரியரின் பெயர் இன்று பலரும் அறியாததாயினும், அவ்வொரு சொல்லுக்காகவே அவரை நாம் போற்றலாம். 1800-ஆம் ஆண்டில் மேதேவி என்னும் ஊரின் ஊற்றுநீரை ஆராய்ந்ததும், 1802-இல் மின்சாரத்தால் நோயாளர்க்கு விளையும் பயனை ஆராய்ந்து வைத்தியப் பட்டம் பெற்றதும் அடுத்து நிகழ்ந்தவை.

ஸ்டாக்ஹோம் நகரிற் குடியேறியபின், சுரங்கவுடைமையாளராகிய ஹிஸிங்கர் என்பவர் வீட்டில் தங்கி, அவரோடு சேர்ந்து 1803-இற் சீரியம் என்னும் மூலகத்தைக் கண்டார். 1807-இல் அந்நகரத்து வைத்தியக் கல்லூரியிற் பேராசிரியரானார். அதுவே சில ஆண்டுகளிற் கரோலின்ஸ்கா நிலையமாக மலர்ந்தது. இடையே ஊற்றுநீர் வியாபாரத்திலும் காடி செய்யும் தொழிலிலும் கைவைத்துக் கடன்பட்டார். விஞ்ஞானிக்கு வியாபாரம் கைவரவில்லை. கடனை அடைக்கப் பல்லாண்டுகள் பிடித்தன.

இனி, அவர் செய்த பெருஞ்செயல் எடை காண்டலாகும். ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் இன்னின்ன எடையது எனக் கணித்தற்கு, ஏறத்தாழ இரண்டாயிரம் கூட்டுப்பொருள்களைத் தம் கையாலேயே பகுத்து நிறுத்தார். அதற்கமைந்த கூடமோ, அரண்மனை போன்றதன்று. 1823-இல் ஜெர்மனியிலிருந்து அவரிடம் பயில வந்த வோலர் என்னும் இளைஞர், அக்கூடத்தைக் கண்டு வியந்துபோனார். சாதாரண அறைகள் இரண்டு, நீர்க்குழாய் இல்லை, புகைபோக்கும் அடுப்புக்களும் இல்லை. பக்கத்துச் சமையலறையில் உணவு வெந்துகொண்டிருக்கும் அடுப்பின் அண்டையிலேயே, சோதனைப் பொருள்களைச் சூடேற்றும் மணற்சட்டியும் அணையாமற் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுவேலை பார்த்த அன்னா சுண்ட்ஸ்ட்ரோம் என்னும் பெண்மணியே கண்ணாடிக் கலங்களைக் கழுவுதல் முதலாகச் சோதனைகளுக்குத் துணை செய்தல் ஈறாக அனைத்தையுங் கற்றுத் தேர்ந்திருந்தனர். கல்லூரி வாயிலை மிதியாத அவ்வம்மையாரை இன்று ஸ்வீடன் தேசத்தின் முதற் பெண் இரசாயனியர் எனப் போற்றுகின்றனர். பெர்ஸீலியஸின் எடைக் கணக்குக்களிற் பாதிப் பெருமை அக்கலங்களின் தூய்மைக்கு உரியது என்று யான் கூறினால் விஞ்ஞான மாணவர் மறுக்கமாட்டார் என நம்புகின்றேன்.

இத்தகைய கூடத்திற்கே செலெனியம் வந்து சேர்ந்தது. மேலார் ஏரிக்கரையிலுள்ள கிரிப்ஸ்ஹோம் என்னும் இடத்திற் கந்தகத் திராவகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. கந்தகத்தை எரித்து எழும் புகையை, வெடியுப்பிலிருந்து பிறக்கும் ஆவியோடும் நீராவியோடும் ஈயத்தகடு பொதிந்த பேரறைகளுட் செலுத்தித் திராவகமாக்குதல் அந்நாளைய முறை. ஃபாலூன் செப்புச் சுரங்கத்தின் கந்தகத்தை எரித்தால் மட்டும் அறையின் அடியிற் செந்நிற வண்டல் ஒன்று படிந்தது. பிறவிடத்துக் கந்தகத்தை எரித்தாற் படியவில்லை. ஆலையை முன்னர் நடத்தியோர் அது பாஷாணமே என அஞ்சி, ஃபாலூன் கந்தகத்தையே விலக்கிவிட்டனர். பின்னர் அவ்வாலையிற் பங்கு கொண்ட பெர்ஸீலியஸும், சுரங்க நூலில் வல்ல முதியவர் கான் என்பவரும், 1817-இல் அவ்வண்டலை எடுத்து ஆராயத் தொடங்கினர்.

வண்டலை ஊதுகுழலின் சுவாலையிற் காட்டியவுடன் முள்ளங்கி அழுகினாற்போன்ற கடுநாற்றம் எழுந்தது. டெல்லூரியம் என்னும் அரிய மூலகத்தின் மணம் அஃதே என்று கிளாப்ரோத் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் முன்னரே எழுதி வைத்திருந்தார். ஆகவே இதுவும் டெல்லூரியமே என இருவரும் துணிந்தனர். பெர்ஸீலியஸ் இலண்டனிலிருந்த நண்பர் மார்செத் என்னும் வைத்தியருக்கு அச்செய்தியைக் கடிதத்திற் குறித்தும் அனுப்பிவிட்டார். ஐரோப்பா முழுவதும் நன்மதிப்புப் பெற்ற ஒருவர் ஒன்றைத் துணிந்து கூறிவிட்டால், அது நிலைத்துவிடுதற்கு வேறென்ன வேண்டும்?

ஆயினும் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. ஃபாலூன் சுரங்கத்துக் கனிப்பொருள்களில் டெல்லூரியம் கண்டார் ஒருவருமிலர். அஃது இங்கே எவ்வாறு வந்தது? எஞ்சிய வண்டலைத் தம் வீட்டுக் கூடத்திற்குக் கொணர்ந்து மீண்டும் முதலிலிருந்து ஆராய்ந்தார். எத்துணை முயன்றும் அதிலிருந்து டெல்லூரியம் ஓர் அணுவும் வரவில்லை. தூய டெல்லூரியத்தை எரித்துப் பார்த்தார். அதில் முள்ளங்கி நாற்றமே இல்லை! கிளாப்ரோத் முகர்ந்த நாற்றம், டெல்லூரியத்துள் மறைந்து கலந்திருந்த மற்றொரு பொருளின் நாற்றம் என்பது அப்போது விளங்கிற்று. 1818-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அதே மார்செத்துக்கு மற்றொரு கடிதம் சென்றது. முன் எழுதியது தவறு. தாம் கண்டது டெல்லூரியமன்று, அதனோடு பல இயல்பும் ஒத்த புதிய மூலகம் என்று அதில் அறிவித்தார். டெல்லூரியம் என்னும் பெயர் இலத்தீன் மொழியிற் பூமியைக் குறிக்குஞ் சொல்லடியாகப் பிறந்தது. பூமிக்குத் துணையாகச் சுழல்வது திங்களன்றோ? அதனாற் கிரேக்க மொழியிலே திங்களைக் குறிக்குஞ் சொல்லைக் கொண்டு புதிய பொருளுக்குச் செலெனியம் என்று பெயரிட்டனர். இரசாயன நூலில் இத்துணை அழகிய பெயர் பிறிதொன்று உண்டோ என யான் அறியேன்.

பெயர் தண்ணிய திங்களுடையதாயினும் பொருள் அத்தன்மையதன்று. செலெனியமும் ஹைட்ரஜனும் கூடிய வாயுவை ஆராயும்போது, பட்டாணியளவான ஒரு குமிழி அவர் மூக்கினுள் ஏறிற்று. அந்நொடியே மோப்பவுணர்வு முற்றும் அற்றுப்போக, கடுங்காரமுடைய அம்மோனியாவை மூக்கருகே பிடித்தும் அவருக்கு ஒன்றுந் தோன்றவில்லை. ஐந்தாறு மணி நேரத்திற்குப் பின்னரே அவ்வுணர்வு திரும்பியது. தொல்லையோ பதினைந்து நாள் வரை நீங்கவில்லை. அதனையும் தம் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே ஓர் இயல்பாகப் பதிந்து வைத்தார். இவ்வாறு ஒரே ஆராய்ச்சியில் அப்பொருளின் நிறங்களையும் கூட்டுக்களையும் அணுவெடையையும் கண்டு முடித்தனர். அவர் கண்ட எடையை இன்றைய அளவைக்கு மாற்றினால் ஏறத்தாழ 79 ஆகும். இன்று கொள்ளப்படும் எண் 78.97. சமையலறை அடுப்பின் அண்டையிற் செய்த கணக்கு இது.

அதன்பின் புகழும் பதவியும் தாமே வந்தன. ஸ்வீடன் விஞ்ஞானக் கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். உயர்குடிப் பட்டமும் பெற்றார். 1824-இற் சிலிகானைப் பிரித்தெடுத்தார். பின்னர்த் தோரியத்தைக் கண்டார். ஆண்டுதோறும் உலகத்து இரசாயன ஆராய்ச்சிகளையெல்லாம் படித்து நிறைகுறை கூறி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவ்வறிக்கையிற் பாராட்டுப் பெற ஏங்காத இளைஞர் அந்நாளில் அரியர். புதுக் கருத்துக்களுக்கு ஏற்ற பெயரில்லையேல் தாமே படைத்துத் தரும் ஆற்றலும் அவர்க்கு வாய்த்திருந்தது. தான் மாறாமல் அருகிருந்தே பிற பொருள்களின் மாற்றத்தை விரைவிக்கும் பொருளின் தன்மையை ஆராய்ந்து, 1835-இல் வினையூக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டவர் அவரே. உடலின் தலையாய பொருளுக்குப் புரதம் என நாம் இன்று வழங்கும் பெயரின் மூலச்சொல்லை, 1838-இல் முல்டர் என்னும் டச்சு அறிஞருக்கு எடுத்துக் கொடுத்தவரும் அவரே. தமது 56-ஆம் வயதில், 24 வயதுடைய எலிஸபெத் பாப்பியஸ் என்னும் நங்கையை மணந்தார்; அரசர் அத்திருமணத்திற்குப் பரிசிலாகப் பிரபு பட்டம் வழங்கினார். அன்னா அம்மையார் அதன்பின் அவ்வீட்டில் இருந்திலர்.

இனிக் கூறப்போவதைக் கூறாது விடலாமோ என ஒருமுறை எண்ணினேன். அவர்பாற் கொண்ட மதிப்பு அவ்வாறு எண்ணச் செய்தது. கூட்டுப்பொருள் ஒவ்வொன்றும் மின்தன்மையில் மாறுபட்ட இரு பகுதிகளின் சேர்க்கையே என்பது பெர்ஸீலியஸின் கொள்கை. உப்புக்களுக்கும் உலோகங்களுக்கும் அது நன்கு பொருந்திற்று. உயிர்ப்பொருள்களிலிருந்து வருங் கூட்டுக்களுக்கோ பொருந்தவில்லை. ஒரு கூட்டுப்பொருளிலுள்ள ஹைட்ரஜனை நீக்கி, மின்தன்மையில் அதற்கு நேர்மாறான குளோரினை அவ்விடத்தில் வைத்தாலும் அப்பொருளின் இயல்பு பெரிதும் மாறுவதில்லை என்பதைப் பிரான்ஸ் தேசத்துத் தூமா என்பவர் சோதனையாற் காட்டினார். பெர்ஸீலியஸ் உடன்படவில்லை. தம் கொள்கையைக் காத்தற்பொருட்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கலான வாய்பாடுகளைப் புனைந்தார், ஆண்டறிக்கைகளிற் கடிந்தெழுதினார். லீபிக் முதலிய நண்பரும் மெல்ல விலகினர். 1818-இல், ஒருவரும் குறை காணாதபோதே தம் பிழையைத் தாமே கண்டு அறிவித்தவர், இருபது ஆண்டு கழிந்தபின் உலகமே எடுத்துக் காட்டியும் ஏற்கமாட்டாதவராயினர். முதுமையோ, புகழோ, நோயோ, காரணம் யாதெனத் துணிதல் என் வயதினர்க்கு ஆகாது. ஒன்று மட்டும் தோன்றுகின்றது: முதற்பிழை அவர் கையிலிருந்த வண்டலைப் பற்றியது, இரண்டாவதோ அவர் வாழ்நாளெல்லாம் கட்டிய வீட்டைப் பற்றியது.

1848-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் உயிர் நீத்தார். அவர் கொள்கை அவருக்கு முன்னரே ஒளி மங்கிவிட்டது. செலெனியமோ அவருக்குப் பின்னரே வாழத் தொடங்கிற்று. 1873-இல், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலெனியக் கோல்களைப் பயன்படுத்திய வில்லோபி ஸ்மித் என்பவர், ஒளி பட்டவுடன் அவற்றில் மின்சாரம் எளிதிற் பாய்வதை உலகிற்கு அறிவித்தார். 1930-ஐ அடுத்த ஆண்டுகளில், அமெரிக்காவின் டகோட்டாப் பகுதியிற் கால்நடைகளின் மயிரும் குளம்பும் உதிர்ந்ததற்கு, நிலத்திலிருந்து புல்லில் ஏறிய செலெனியமே காரணம் எனக் கண்டனர். நஞ்சு என்றே அது பெயர் பெற்றது. ஆனால் 1957-இல் கிளாஸ் ஷ்வார்ஸ் என்பாரும் ஃபோல்ட்ஸ் என்பாரும், எலிகளின் ஈரல் அழியாது காத்தற்கு அணுவளவு செலெனியம் வேண்டும் எனக் காட்டினர். சீன தேசத்துக் கெஷான் பகுதியிற் குழந்தைகளின் இதயத்தை நலித்துக் கொன்ற நோய்க்கு, மண்ணிலும் உணவிலும் செலெனியம் குன்றியதே பெருங்காரணம் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. செலெனிய உப்பைச் சிறிதளவு கொடுத்து அங்கே அந்நோயைத் தடுத்தனர்.

1973-இல் வெளியான மற்றொரு செய்தியோடு இதனை நிறுத்துகின்றேன். நம் இரத்தத்துச் சிவப்பணுக்களிலே, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் தீங்குடைய பொருளைச் சிதைத்து நீராக்கும் வினையூக்கி ஒன்று உண்டு. அது ஒரு புரதம். பெர்ஸீலியஸ் செலெனியத்தை அறிவித்த அதே 1818-ஆம் ஆண்டில் பிரான்ஸில் தெனார் என்பவர் அறிவித்த பொருளே ஹைட்ரஜன் பெராக்ஸைடு. அது உலோகங்களின் முன்னிலையிற் சிதைவதை உதாரணமாகக் கொண்டே பெர்ஸீலியஸ் வினையூக்கம் என்னுஞ் சொல்லை விளக்கினார். இரத்தத்திலுள்ள அவ்வினையூக்கியின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு செலெனிய அணுக்கள் அமைந்திருக்கின்றன.