சான்றிதழில் வெட்டப்பட்ட சொல்

உயர்தரத்தில் கணிதப் பிரிவை நான் எடுத்தபோது, பெண் பிள்ளைக்கு எஞ்சினியர் படிப்பு எதற்கு என்று கேட்காத உறவினர் குறைவு. பதில் தேடி வாசித்தபோதுதான் அய்யலசோமயாஜுல லலிதாவை அறிந்தேன். இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர் என்று போற்றப்படுபவர் அவர்.

1919 ஆகஸ்ட் 27இல் சென்னையில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆனாலும் மகளுக்கு 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவர் இறந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை.

நம் மார்க்கத்தில் கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். பிறகு மறுமணம்கூடச் செய்யலாம். லலிதா பிறந்த சமூகத்திலோ அன்று விதவைக் கோலத்துக்கு முடிவே இல்லை. இதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் இத்தா முடிந்த இளம் தாய்மாரில் எத்தனை பேர் நம் ஊரில் மீண்டும் படிக்கப் போனார்கள் என்று யோசித்ததும் அந்தப் பெருமை குறைந்துவிட்டது.

லலிதா போனார். குயின் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். கிண்டியில் அதுவரை மாணவிகளே இல்லை. தந்தை கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், ஆங்கிலேயக் கல்வி அதிகாரி ஸ்டாதமும் சம்மதித்தார். 1940இல் மின்பொறியியலில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே தனியொரு பெண். பிறகு பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜோர்ஜும் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். போர்க்காலத்தில் படிப்பு சுருக்கப்பட்டதால் மூவரும் 1943இல் ஒன்றாகத் தேறினார்கள்.

சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதை வெட்டிவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் 'அவர்' என்று அச்சிட்டிருந்தால் வெட்ட வேண்டியே வந்திராது!

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, தந்தையின் ஆய்வுகளுக்கு உதவி என்று சில வருடங்கள் போயின. 1948இல் கல்கத்தாவில் ஒரு பிரித்தானியக் கம்பனியில் சேர்ந்தார். மின்கடத்தல் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைப்பதே வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் பாதைகளிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. லண்டன் மின்பொறியியலாளர் நிறுவனம் 1953இல் இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் அவரை ஏற்றது. 1964இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது சர்வதேசப் பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். 1979இல் காலமானார். மறுமணம் செய்யவில்லை.

ஒருநாள் அஸருக்குப் பிறகு, வாவிக்கரை வீட்டுத் திண்ணையில் இதையெல்லாம் மூத்தம்மாவுக்குச் சொன்னேன். அணையும் லண்டனும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தாய் வேலைக்குப் போனால் அந்தப் பச்சைப் பிள்ளையை யார் வளர்த்தது என்று கேட்டார். கல்கத்தாவில் இருந்த சகோதரரின் வீட்டில்தான் தாயும் மகளும் இருந்தார்கள், சகோதரரின் மனைவிதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார் என்றேன். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை மூத்தம்மா அந்த மனுசியைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.