எங்கள் ஊர் முதலமைச்சர்

நான் இராஜபாளையத்துக்காரன். காந்தி கலை மன்றம் என்ற பெயரைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவன். அது ஒரு முதலமைச்சர் ஊருக்குக் கொடுத்த வீடு என்பது கல்லூரிக்கு வந்த பின்னரே எனக்குத் தெரிந்தது. அந்த வெட்கத்தில் எழுதியதே இக்கட்டுரை.

பூசப்பாடி சஞ்சீவி குமாரசுவாமி ராஜா 1898 ஜூலை 8-ஆம் நாள் எங்கள் ஊரில் பிறந்தார். பிறந்த எட்டாம் நாள் தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையும் மறைந்தார். பாட்டியே வளர்த்து ஆளாக்கினார். காந்தியடிகளிடம் கொண்ட பற்று அவரைக் காங்கிரசில் சேர்த்தது. 1934-இல் மத்திய சட்டசபை, 1937-இல் சென்னைச் சட்டசபை, 1946-இல் பிரகாசம் மந்திரி சபை எனப் படிப்படியாக உயர்ந்தார். பிரகாசம் பாரிஸ்டர், ராஜாஜி வக்கீல். வக்கீல்கள் கோலோச்சிய அந்த அரசியலில் கறுப்புக் கோட்டு அணியாமலே முன்னுக்கு வந்தவர் இவர்.

ஓமந்தூரார் பதவி விலகியதும், காமராஜரின் ஆதரவோடு 1949 ஏப்ரல் 6-இல் பிரதம மந்திரியானார். அன்று மாகாணத் தலைமைக்கு அதுவே பெயர். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானதும் அதே நாற்காலி முதலமைச்சர் பதவியாயிற்று. ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த பரந்த இராஜ்யம் அது.

கோட்டு அணியாதவரை வழக்கு விட்டுவிடவில்லை. கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பகிர்ந்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1950-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவரது அரசு உச்சநீதிமன்றம் சென்றது; 1951 ஏப்ரலில் அங்கும் தோற்றது. தமிழகம் கொதித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அரசுகளுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே எனக்கு இது வெறும் சரித்திரப் பாடமன்று.

புகழ்ந்தே எழுதிவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை. 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் மாண்டனர். அதுவும் இவர் ஆட்சியில் நடந்ததே. காந்தியத் தொண்டர் ஒருவரின் ஆட்சியில் அது நடந்தது என்பதை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை.

1952 பொதுத் தேர்தல் வந்தது. உணவுப் பஞ்சமும் ரேஷனும் மக்களை வாட்டிய காலம். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சட்டசபைத் தொகுதியில் நின்ற முதலமைச்சரே தோற்றார். விந்தை என்னவென்றால், அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பாராளுமன்றத் தொகுதி காமராஜரை வெற்றி பெறச் செய்தது! தேர் பார்க்கவும் பால்கோவா வாங்கவும் நாங்கள் பஸ் ஏறும் பக்கத்து ஊர்தான் அது.

ஏப்ரல் 10-இல் ராஜாஜி பொறுப்பேற்றார். 1954 முதல் 1956 வரை ராஜா ஒரிசாவின் கவர்னராக இருந்தார். 1957 மார்ச் மாதம் காலமானார். கோட்டையில் மூன்றாண்டுகள் அமர்ந்தவர், இராஜபாளையத்தில் தமக்கென இருந்த வீட்டையும் காந்தியின் பெயரால் ஊருக்கே கொடுத்துவிட்டிருந்தார்.