தரையிலே பறக்கக் கற்பித்தவர்

எட்வின் லிங்கின் வாழ்க்கைக் கதை

அடையாறு, மயிலாப்பூர் வீடுகளுக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் பறப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை கடல் பக்கமாக வந்து மீனம்பாக்கத்தில் இறங்குகின்றன.

அதே விமானங்களை இப்போது வீட்டுக்குள்ளேயும் பார்க்கலாம்!

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறது. தியாகராய நகரில் ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்தபடியே மீனம்பாக்கத்தில் இறங்கிப் பழகலாம். அந்த நேரத்தில் உண்மையாகவே வானத்தில் பறக்கும் விமானங்கள் அவன் திரையிலும் பறக்கும்.

இது எப்படி நடக்கிறது?

பறக்கும் விமானம் தான் இருக்கும் இடம், உயரம், வேகம் மூன்றையும் ரேடியோ அலை மூலம் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகிறது. தரையில் உள்ள கருவிகள் அதைப் பிடிக்கின்றன. அந்தச் செய்தி இன்டர்நெட் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேருகிறது.

இந்த வித்தைக்கெல்லாம் முன்னோடி ஒரு மரப்பெட்டி. அதைச் செய்தவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர்.

ஏமாந்த பையன்

லிங்க் 1904-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி பிறந்தார். அவருடைய தகப்பனார் 1910-ல், பிங்ஹாம்டன் என்ற ஊரில் நொடித்துப் போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை அது. ஆர்கன் என்பது காற்றினால் ஒலிக்கும் பெரிய இசைக் கருவி.

பையனுக்கோ வானத்தின் மேல் ஆசை. 16-வது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். அந்த விமான நிலையம் சிரிப்பு நடிகர் சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளினுடையது. ஒரு பாடத்துக்குக் கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

விமானி வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார். பையனை ஓட்டும் கருவிகளைத் தொடவே விடவில்லை. பணம் போயிற்று. பாடம் வரவில்லை.

கற்றுக்கொள்ள வேறு வழியே இல்லையா என்று லிங்க் யோசித்தார்.

துருத்தியில் பிறந்த விமானம்

ஆர்மோனியத்தில் துருத்தி இருப்பதை நாம் அறிவோம். ஆர்கனிலும் துருத்தி உண்டு. அதுவே லிங்குக்கு வழி காட்டியது.

தகப்பனாரின் தொழிற்சாலையின் அடித்தளத்தில் வேலை தொடங்கினார். குட்டி விமானம் போல ஒரு மரப்பெட்டி செய்து, அதைத் துருத்திகள் மேல் வைத்தார். காற்றை உறிஞ்ச ஒரு மின்சார மோட்டாரும் பொருத்தினார். உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் துருத்திகள் விரிந்து சுருங்கும். பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். ஆனால் தரையை விட்டுப் போகாது!

1929-ல் பெட்டி தயாராகிவிட்டது. ஆனால் விமானப் பள்ளிகள் அதை மதிக்கவில்லை. பொருட்காட்சிகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டுச் சாமானாகத்தான் அது விலை போயிற்று. லிங்க் மனம் தளரவில்லை.

பனியில் வந்த விமானம்

1934-ல் அமெரிக்காவில் விமானத் தபாலைச் சுமக்கும் வேலை ராணுவத்திடம் வந்தது. அது கடுங்குளிர் காலம். மூடுபனியிலும் இருட்டிலும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் ராணுவ விமானிகளுக்குப் போதவில்லை. விமானங்கள் விழுந்தன. சில வாரங்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

அப்போதுதான் ராணுவ அதிகாரிகளுக்கு லிங்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. நியூவார்க் விமான நிலையத்தில் அவரைச் சந்திக்க ஏற்பாடாயிற்று. அன்று ஒரே பனி. இந்தப் பனியில் யார் வருவார் என்று அதிகாரிகள் புறப்பட இருந்தார்கள்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் லிங்க்! கருவிகளைப் பார்த்தே அவர் ஓட்டி வந்திருந்தார். அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. ஒன்றின் விலை 3,500 டாலர்.

5 லட்சம் மாணவர்கள்

மாணவர் உள்ளே உட்கார்ந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. ஆசிரியர் மேசையருகே இருந்து, விமான நிலையத்தார் பேசுவது போலவே ரேடியோவில் பேசுவார். மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் ஒரு சிறு கருவி ஊர்ந்து, மாணவர் போன பாதையைக் கோடாக வரையும். அதற்கு 'நண்டு' என்று பெயர். வழி தவறியது எங்கே என்று அந்தக் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

மாணவர் தவறு செய்தாலும் உயிர் போகாது. மறுபடியும் முயலலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பெட்டியில் பயிற்சி பெற்றார்கள்.

கடலில் வந்த சோகம்

லிங்க் 1954-ல் கம்பெனியை விற்றுவிட்டார். அதன் பிறகு அவர் மனம் கடலுக்குத் திரும்பியது. ஆழ்கடலில் மனிதர் தங்கவும் வேலை செய்யவும் கருவிகள் செய்தார். சிறு நீர்மூழ்கிகளையும் உருவாக்கினார்.

1973-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, புளோரிடா கடலில் அவருடைய நீர்மூழ்கி ஒன்று இறங்கியது. உள்ளே நான்கு பேர். அவர்களில் ஒருவர் லிங்கின் மகன் கிளேட்டன். வயது 31.

கடலடியில் கிடந்த பழைய கப்பலில் நீர்மூழ்கி சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்த காற்று கெட்டது. ஒரு நாளுக்கு மேல் போராடித்தான் அதை மேலே கொண்டுவர முடிந்தது. இருவர் பிழைத்தனர். கிளேட்டனும் இன்னொருவரும் இறந்துவிட்டனர்.

எத்தனையோ பெற்றோரின் பிள்ளைகளைக் காத்தவர், தம் பிள்ளையைப் பறிகொடுத்தார்.

அப்போது லிங்குக்கு வயது 68. துயரத்தில் மூழ்கி அவர் முடங்கிவிடவில்லை. கடலடியில் சிக்கியவர்களை மீட்க ஒரு கருவியை உருவாக்கினார். ஆள் இல்லாமலே இறங்கி, காமிராவால் பார்த்து வேலை செய்யும் கருவி அது. தம் மகனுக்கு உதவாத உதவி பிறர் மக்களுக்காவது கிடைக்கட்டும் என்று பாடுபட்டார்.

1981-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி லிங்க் காலமானார். அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் கம்பெனியின் விமான விளையாட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்துவிட்டது.

அன்று மேசையருகே இருந்த ஆசிரியர் கற்பனையாகச் சொன்னதை, இன்று உண்மையான வானமே அனுப்பி வைக்கிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிகளோ இன்றும் பயிற்சிக் கருவியில் உட்கார்ந்து, எஞ்சின் நின்றால் என்ன செய்வது, பனி மூடினால் என்ன செய்வது என்று பழகிய பிறகே நம்மை ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள்.