அரசியல் சாசனத்திடம் குட்டு வாங்கிய அரசு எது? ராஜபாளையம் குமாரசாமி ராஜாவின் கதை

நவம்பர் 26 வந்தால் பள்ளிகளில் ஒரு காட்சி உறுதி. காலைக் கூட்டத்தில் ஒருவர் அரசியல் சாசனத்தின் முகப்புரையை வரி வரியாக வாசிக்க, மாணவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முடிந்ததும் வரிசையாக வகுப்புக்குப் போய்விடுவார்கள். 2015 முதல் இது அரசியல் சாசன தினம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைகளுக்கு மட்டும் இதில் சொந்த ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. அந்தச் சாசனம் நடைமுறைக்கு வந்த அன்று சென்னையில் ஆட்சியில் இருந்தவர் ராஜபாளையத்துக்காரர், பூ.ச.குமாரசாமி ராஜா.

யார் இவர்?

1898 ஜூலை 8-ல் பிறந்தவர். பெற்றோரைச் சின்ன வயதிலேயே இழந்ததால் பாட்டிதான் வளர்த்தார். காந்தியின் வழியில் காங்கிரசுக்கு வந்தார். 1934-ல் டெல்லி மத்திய சட்டசபைக்கும், 1937-ல் சென்னை சட்டசபைக்கும் தேர்வானார்.

1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலக, குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார். அப்போது அந்தப் பதவிக்குப் பெயரே வேறு, பிரீமியர். அன்றைய சென்னை மாகாணமும் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரக் கடலோரம், ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. 1950 ஜனவரி 26-ல் சாசனம் அமலுக்கு வந்ததும் மாகாணம் மாநிலமானது, பிரீமியர் முதலமைச்சரானார். அதாவது, சென்னையின் கடைசி பிரீமியரும் புதிய சாசனத்தின் கீழ் முதல் முதலமைச்சரும் ஒரே ஆள்.

ஆறே மாதத்தில் ஓர் அடி

புதிய சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு விடை சீக்கிரமே கிடைத்தது. அரசைத்தான்.

கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் கம்யூனல் ஜி.ஓ. என்ற ஆணை அப்போது சென்னையில் இருந்தது. 14 இடங்கள் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. நூற்றாண்டுகளாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்த ஆணை இது. நீதிக் கட்சி காலத்து அரசியலின் நீட்சி என்றும் சொல்லலாம்.

மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாக செண்பகம் துரைராஜனும், பொறியியல் இடத்துக்காக சீனிவாசன் என்ற மாணவரும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். செண்பகம் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது! ஆனாலும் வழக்கு நின்றது. 1950 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. குமாரசாமி ராஜா அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-ல் அங்கேயும் தோல்வி.

தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. பெரியார் களத்தில் இறங்கினார். கடைசியில் நாடாளுமன்றமே இறங்கிவர வேண்டியிருந்தது. 1951 ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். அதே ஆண்டில் சென்னை அரசு புதிய ஆணை போட்டது: பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 15 சதவீதம். நீட், கவுன்சலிங் நேரத்தில் இன்று நாம் பேசும் இடஒதுக்கீட்டுச் சண்டையின் சட்ட வேர் இங்கேதான் இருக்கிறது.

ஓட்டு போட்டது யார்?

குமாரசாமி ராஜா அதுவரை ஜெயித்த தேர்தல்களில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் வாக்குரிமை. சாசனம் அதை மாற்றி, 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தது. (18 வயது என்பது 1989-ல்தான் அமலானது.)

அப்படி நடந்த முதல் பொதுத் தேர்தலில், 1952-ல், முதலமைச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றார். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். சொந்த மண் என்றே சொல்ல வேண்டும். ஒரு சுயேச்சையிடம் தோற்றார்.

அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் நின்ற காமராஜர் ஜெயித்தார். எனவே காங்கிரஸ் மீதான கோபம் என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. மாநிலம் முழுக்கவும் கட்சிக்கு நிலைமை மோசம்தான். சட்டப்பேரவையின் 375 இடங்களில் கிடைத்தது 152. பல அமைச்சர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஏப்ரல் 10-ல் ராஜாஜி முதலமைச்சரானார். குமாரசாமி ராஜா நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் போனார். இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அப்போதுதான் முதல் தடவையாக வயது வந்த எல்லோரும், நிலமில்லாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் உட்பட, ஓட்டு போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு?

1954 முதல் 1956 வரை ஒடிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச் 16-ல் காலமானார். ராஜபாளையத்தில் தான் வாழ்ந்த வீட்டை அவர் பொதுக் காரியத்துக்கென்று கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் அமைந்தது அந்த வீட்டில்தான்.